கடலுக்குப் போன தண்ணீர் வீண் இல்லை

வைகை வெள்ளம் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலில் சேரும் முகத்துவாரத்தைப் படம் பிடித்துப் போன வாரம் போட்டிருந்தேன். அதற்கு வந்த கமெண்ட்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் என்ன சொன்னார் என்று மறுபடி கிளறப் போவதில்லை. நாற்பது பேராவது திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வார்த்தையைப் பற்றித்தான் பேச வேண்டும். "வீண்."

அத்தனை தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதாம், அதைப் படம் பிடித்துக் கொண்டாடுகிறேனாம்.

ஆமாம், கொண்டாடினேன். வைகை கடலைத் தொடுவதை என் வாழ்நாளில் எத்தனை முறை பார்த்துவிட்டேன்? காவி நிறத் தண்ணீர் விசிறி மாதிரி கடலுக்குள் விரிந்துகொண்டே போனது. அந்த நிறம்தான் விஷயமே. அது அழுக்கு இல்லை, மண். வருசநாட்டு மலையில் மக்கிய இலை, மழையில் கரைந்த பாறை, ஆட்டுக்கிடை போட்ட காட்டின் மேல்மண், எல்லாம் சேர்ந்த வண்டல்.

எனக்குச் சோழவந்தான் பக்கம். சின்ன வயதில் கோடையில் கண்மாய் வற்றியதும் தாத்தா மாட்டுவண்டி கட்டிக் கரம்பை, அதாவது கண்மாய் அடியில் படிந்த வண்டல் மண், அள்ளிக்கொண்டு வருவார். நாங்கள் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவோம். கரம்பைக் கட்டியை உள்ளங்கையில் வைத்து நசுக்கி மூக்கருகே கொண்டுபோவார். வாசனை பிடித்திருந்தால்தான் வண்டியில் ஏறும். அதை வயலில் கொட்டிவிட்டால் அந்த வருடம் உரச் செலவு குறையும். ஊரில் யாரும் அதை அழுக்கு என்று சொல்லிக் கேட்டதில்லை. நம் வயலுக்கு வந்தால் கரம்பை, கடலுக்குப் போனால் வீணா? இதைத்தான் கேட்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

படம் போட்ட மறுநாள் வீட்டில் என் மகளுக்கு ஒன்று செய்து காட்டினேன். நீங்களும் செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு கரம்பையைக் கரைத்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் உப்பு. எங்கள் வீட்டில் அரை மணி நேரத்துக்குள் உப்புப் போட்ட டம்ளரில் மேல்தண்ணீர் தெளிந்துவிட்டது. இன்னொன்று சாயங்காலம் வரை கலங்கித்தான் கிடந்தது. நல்ல தண்ணீரில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். உப்புப் பட்டதும் ஒட்டிக்கொண்டு, திரண்டு, கனத்து, கீழே இறங்கும். அந்தக் காலத்தில் ஆற்று வெள்ளத்தைக் குடத்தில் பிடித்துத் தேத்தாங்கொட்டை உரசித் தெளிய வைப்பார்களே, முகத்துவாரத்தில் அந்த வேலையைக் கடல் உப்பு செய்கிறது. ஆற்றின் வேகம் அடங்கும் இடமும் அதுதான். இரண்டும் சேர்ந்து வண்டலை அங்கேயே படிய வைத்து சேற்றுத் திட்டு ஆக்குகின்றன.

வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சோ கழிமுகத்துக்குள் வந்து, அந்தச் சேற்றில் தின்று வளர்ந்து, பிறகுதான் கடலுக்குத் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை மதுரை கரிமேட்டு மீன் கடைகளில் வரிசையில் நின்று நாம் வாங்கும் இறாலுக்கும் நம் மலை மண்ணுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

சரி, எதிர்க்கேள்விக்கு வருகிறேன். "அப்படியானால் பென்னிகுயிக் செய்தது தப்பா?" என்று ஒருவர். பெரியாற்றில் அணை கட்டி அந்தத் தண்ணீரை வைகைப் பக்கம் திருப்பிய பொறியாளர்தான் பென்னிகுயிக். என்னிடமா இந்தக் கேள்வி? எங்கள் வயல் பெரியாற்றுக் கால்வாயில் விளைந்தது. 1895-இல் அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியிருக்காவிட்டால் என் குடும்பம் எந்த ஊரில் கூலிக்குப் போயிருக்குமோ தெரியாது. தாத்தா வீட்டுச் சுவரில் அவர் படம் இன்னும் இருக்கிறது. அணையே கூடாது என்று நான் எங்கே எழுதினேன்?

"ராமநாதபுரத்துக் கண்மாய்கள் காய்ந்து கிடக்கும்போது கடலுக்கு விடலாமா?" இது நியாயமான கேள்வி. விடக்கூடாது. முதலில் கண்மாய்கள் நிறையட்டும், ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறையட்டும், வரத்துக்கால்களைத் தூர் வாரட்டும், நானும் கூட வந்து கேட்கிறேன். ஆனால் ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த ஊருக்காரன் வீண் என்று சொல்வானா? அவனுக்கு அதுதானே வரத்து. வைகைக்குக் கடைசிக் கண்மாய் கடல். அதற்கும் மறுகால் தண்ணீரில் பாத்தியதை உண்டு.

எகிப்தில் நடந்ததைப் பாருங்கள். நைல் நதி கடலில் சேரும் பகுதியில் 1962-இல் சுமார் 18,000 டன் மத்தி மீன் பிடித்தார்கள். அஸ்வான் உயர் அணை 1964 முதல் வெள்ளத்தைத் தேக்கத் தொடங்கியது. அடுத்த சில வருடங்களிலேயே அது 1,000 டன்னுக்கும் கீழே போய்விட்டது. பின்னாளில் மீன் திரும்பி வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் கடலில் கலந்து ஊட்டம் கொடுத்ததில் வந்தது. அதை ஒரு வழி என்று என்னால் ஏற்க முடியாது.

சாக்கடை என்றதும் அந்த இன்னொரு கமெண்ட். "மதுரைக் கழிவுதானே கடலுக்குப் போகிறது, அதுவும் சத்துதானா?" பந்தல்குடி வாய்க்கால் ஆற்றில் இறங்கும் இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், எனக்குத் தெரியாதா? சாக்கடையில் நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைய உண்டு. சிலிக்கா அந்த அளவுக்குக் கிடையாது. அது பாறை கரைந்து வருவது. கடலில் டயட்டம் என்று கண்ணுக்குத் தெரியாத பாசி, சிலிக்காவை எடுத்துத்தான் தன் ஓட்டைக் கட்டிக்கொள்ளும். அதைக் குட்டி உயிர்கள் தின்னும், அவற்றை மீன் தின்னும். அணைகள் வண்டலையும் சிலிக்காவில் ஒரு பங்கையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சாக்கடையை மட்டும் நாம் கீழே அனுப்பினால் டயட்டம் குறைந்து வேறு பாசிகள் மண்டும், அழுகும், தண்ணீரில் ஆக்சிஜன் போய் மீன் செத்து மிதக்கும். ஆக, கழிவை நிறுத்துங்கள் என்று சேர்ந்து கேட்போம். அதற்காக வெள்ளத்தையும் நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்?

மணலைப் பற்றியும் ஒரு வரி. ஆறு மணல் கொண்டுவந்து போடாத கரையை அலை அரித்துக்கொண்டே இருக்கும். அந்த மணலில் எவ்வளவு நம் வீட்டுச் சுவர்களுக்குள் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிவனுக்கு நஞ்சு கொடுத்த பாவி கடல், அதனால் வைகை அதற்குள் போகாது, அதுதான் அதன் பெருமை என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, நானும் அந்தக் கதை கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் வைகை முகத்துவாரத்துப் பக்கத்திலுள்ள அழகன்குளத்தில் ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கடலும் ஆறும் பேசிக்கொண்ட துறைமுகம் அது. கீழடிக்குப் பெருமைப்படுகிற நாம் அந்த ஆற்றின் கடைசி ஊரை மட்டும் ஏன் மறக்கிறோம்?

"அக்கா, உங்க வீட்டுக் குழாயில தண்ணி வருது, அதான் பேசுறீங்க" என்று எழுதிய தம்பிக்கு. எங்கள் தெருவில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். விடியற்காலை எழுந்து குடம் வைத்துப் பிடிக்கிறவள்தான் உங்கள் அக்கா. நீங்கள் எனக்குத் தெரிந்த பையன். அதனால்தான் இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அன்று முகத்துவாரத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, என் செல்போனைப் பார்த்துவிட்டு, "மதுரையிலேர்ந்தா வர்றீங்க? உங்க தண்ணி வந்திருச்சு" என்று சிரித்தார். நம்மிடமிருந்து வந்து சேர்ந்ததை உங்க தண்ணி என்று வாய் நிறையச் சொன்னார். இங்கே வந்து பார்த்தால் அதையே வீண் என்கிறீர்கள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

படத்தை எடுத்துவிடச் சொல்லி இன்பாக்ஸில் இரண்டு பேர். எடுக்க மாட்டேன். அந்த அம்மா இருக்கும் படமும் ஒன்று உண்டு. அவரிடம் கேட்டுவிட்டு அதையும் போடுவேன்.