சந்தாக் காசு கிணற்றில் போட்ட காசு இல்லை

ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கிறவர்களின் கூட்டத்தில் நடந்ததை அங்கே இருந்த எல்லோரும் பார்த்தீர்கள், முழுவதையும் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தம்பி எழும்பி, "அண்ணா, போட்டோகிராபி சஞ்சிகை ஒண்டுக்கு ஒரு வருசச் சந்தா கட்டுவமெண்டு யோசிக்கிறன், பிரயோசனமோ?" என்று கேட்டான். கேட்டது என்னை. நான் வாய் திறக்க முதல் முன்வரிசையில் இருந்து பதில் வந்துவிட்டது. "காசைக் கிணத்துக்க போடுறதும் உதுவும் ஒண்டுதான் தம்பி. பழைய ஆக்களின்ர விசர். எல்லாம் யூரியூப்பில சும்மா கிடக்கு." சபை சிரித்தது. தம்பியும் சிரித்தபடி இருந்துவிட்டான். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு இரவாக நித்திரை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

சொன்னவர் எனக்கு மூத்தவர். யாழ்ப்பாணத்தில் அவர் படம் எடுக்காத கலியாண வீடு குறைவு. அவருடைய தொழிலில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பதில் பிழை. கேள்வி கேட்க எழும்பிய பிள்ளையைச் சிரிப்பால் இருத்தியது அதைவிடப் பிழை.

அன்றைக்கு நான் சொல்ல இருந்தது இதுதான்: நல்ல சஞ்சிகைக்குக் கட்டுகிற சந்தா, ஒரு படத்துக்கு முன்னால் நாங்கள் இருக்கப்போகிற நேரத்துக்குக் கட்டுகிற காசு. தகவல் வேண்டுமென்றால் யூரியூப் போதும், யார் இல்லை என்றது? புதுக் கமராவின் மெனுவில் எது எங்கே இருக்கிறது என்று தேட நானும் அங்கேதான் போகிறேன். அதற்காக ஒருவர் சந்தா கட்டினால் வீண் செலவு என்று நானே சொல்வேன். பக்கத்துக்குப் பக்கம் புது லென்ஸ், புதுக் கமரா, இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பீடு என்று போகிற சஞ்சிகைகளும் இருக்கின்றன. எங்கள் கைக்கு வர முதலே அந்தச் செய்தி பழசாகிவிடும். அவற்றையும் வேண்டாம் என்பேன்.

ஆனால் எல்லாச் சஞ்சிகையும் அது இல்லையே. 1952இல் ஆன்சல் ஆடம்ஸ், டொரோதியா லாங், மைனர் வைட் போன்ற அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய 'அப்பேர்ச்சர்' இன்றைக்கும் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒன்று. அதில் லென்ஸ் விலை தேடிப் போகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. படங்கள் இருக்கும், படங்களைப் பற்றி யோசித்து எழுதியது இருக்கும். குவியலில் இருந்து பொறுக்கி, எது முதல் வரவேண்டும், எதற்கு எதிர்ப்பக்கத்தில் எது வரவேண்டும் என்று ஒருவர் மண்டையை உடைத்து அடுக்கியிருப்பார். நான் அச்சகத்தில் வேலை செய்கிறவன், எதிர்ப்பக்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரே படம், பக்கத்தில் இருக்கிற படத்தைப் பொறுத்து வேறு படமாகிவிடும். போனில் எதிர்ப்பக்கமே கிடையாது. பார்த்து முடிக்க முதல் பெருவிரல் அடுத்ததைத் தள்ளிவிடும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. யுத்த காலப் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்தித்தான் படித்தோம். பிலிம் றோலை நினைத்தும் பார்க்க ஏலாது. சித்தப்பாவிடம் பழைய கமரா ஒன்றும், சணல் கயிற்றால் கட்டின ஒரு அடுக்கு 'அமெச்சர் போட்டோகிராபர்' இதழ்களும் இருந்தன. இங்கிலாந்தில் 1884இல் தொடங்கி, அப்போது கிழமைக்குக் கிழமை வந்துகொண்டிருந்த இதழ் அது. பாதை திறந்திருந்த காலத்தில் லண்டனில் இருந்த அவருடைய கூட்டாளி அனுப்பியவை. கிழமைக்கு ஒன்றுதான் தருவார். "கையைக் கழுவிப்போட்டு எடு" என்பார்.

ஒரு இதழில் ஒரு கிழவி ஜன்னலோரம் இருந்து உருளைக்கிழங்கு தோல் சீவுகிற படம். கறுப்பு வெள்ளை. முகத்தின் ஒரு பாதியில் ஜன்னல் வெளிச்சம், மற்றப் பாதி இருட்டோடு போய்விட்டது. கத்தி என்று தெரிவது ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அந்தக் கிழமை முழுக்க அதையே பார்த்தேன். நாலாம் இரவுதான் கண்டேன்: சீவிய தோல் எங்கேயும் அறுபடவே இல்லை. ஒரே நீளமாகச் சுருண்டு சுருண்டு அவளுடைய மடிவரைக்கும் தொங்குகிறது. அது மடியைத் தொடும்வரை எடுத்தவர் காத்திருந்திருக்கிறார். காத்திருப்பதும் படம் எடுப்பதில் சேர்த்தி என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அந்தத் தோல்தான் சொன்னது.

அதற்குப் பிறகு பிஸ்கட் பெட்டி அட்டையில் இரண்டுக்கு மூன்று கணக்கில் ஓட்டை வெட்டி, அதற்குள்ளால் பார்க்கத் தொடங்கினேன். வாசற்படியில் இருந்து அப்பம்மா ஒடியலுக்கு, காயவைக்கிறதுக்காகப் பனங்கிழங்கு கிழிப்பா. காலை வெளிச்சம் இடப்பக்கத்தால் வரும். அட்டையை முன்னுக்கும் பின்னுக்கும் பிடித்து எத்தனை நாள் நின்றிருப்பேன்! யுத்தத்தால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்தபிறகு முதல் றோல் கையில் வந்தது, 100 ஏஎஸ்ஏ. பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்கிற எண் அது. சித்தப்பாவின் கமராவில் வெளிச்சம் அளக்கிற மீற்றர் கிடையாது. நல்ல வெயிலென்றால் லென்ஸ் துளையை எஃப் 16இல் வைத்து, பிலிமின் ஏஎஸ்ஏ எண்ணுக்குக் கிட்டின ஷட்டர் வேகம், அதாவது 1/125 செக்கன் வை. வெண்மணல் என்றால் துளையை இன்னும் சிறிதாக்கி எஃப் 22க்குப் போ. இதுவும் அந்த இதழ்களில் படித்ததுதான். வடமராட்சியில் மணற்காட்டுக் கடற்கரையில் அந்தக் கணக்கு அப்படியே சரி வந்தது. ஆனால் முதல் நாலு படமும் அப்பம்மாவுக்குத்தான் போனது. வாசற்படி, இடப்பக்க வெளிச்சம், கையில் கிழங்கு. அட்டை ஓட்டைக்குள் நான் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படம்.

அந்த இதழ்களுக்கு என்ன நடந்தது? 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் கிட்ட வர ஊரே வெளிக்கிட்டது உங்களுக்குத் தெரியும். கமராவைத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். சஞ்சிகை அடுக்கு அலுமாரிக்குள் இருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. அது நின்ற இடத்தில் நிலம் மட்டும் வேறு நிறமாக இருந்தது, சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 புத்தகங்களை எரியக் கொடுத்த ஊர் இது. இந்த ஊரில் நின்றுகொண்டு அச்சடித்த கடதாசியைப் பழைய ஆக்களின் விசர் என்று சொல்ல எப்படி மனம் வந்தது? அதற்கு எப்படிச் சிரிக்க முடிந்தது?

சரி, காசுப் பிரச்சினைக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சுற்றில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை போனது, இன்றைக்கும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அச்சுப் பிரதியென்றால் தபால் செலவும் ஏறும். அரிசிக்குக் கணக்குப் பார்க்கிற வீட்டில் போய்ச் சந்தா கட்டு என்று நான் சொல்லமாட்டேன். டிஜிட்டல் பிரதி மலிவு. அதில் எதிர்ப்பக்கம் வேண்டுமென்றால் போனை விட்டுவிட்டு, கொஞ்சம் பெரிய திரையில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக விரித்துப் பார்க்கவேண்டும். அச்சு வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து கட்டலாம், அப்போது ஒருவருக்குக் கால் பங்கு. முதலில் ஒரேயொரு இதழைத் தனியாக வாங்கு. ஒரு மாதம் வைத்திரு. பிறகு மூடிவைத்துவிட்டு, அதில் எத்தனை படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறது என்று பார். மூன்று சொன்னாயென்றால் சந்தா கட்டு. ஒன்றும் வரவில்லையென்றால் அந்தச் சஞ்சிகை உனக்கு வேண்டாம். கட்டினாலும் தானாகப் புதுப்பிக்கிறதை அன்றைக்கே நிறுத்திவை, இல்லாவிட்டால் வருடக் கடைசியில் வங்கி அட்டையில் இருந்து காசு தானாகப் போய்விடும்.

இதே சபையில் ஒன்றரை லட்சத்துக்கு லென்ஸ் வாங்கினால் கைகொடுக்கிறார்கள். அந்தக் காசில் பல வருடச் சந்தா கட்டலாம். அதை மட்டும் ஏன் ஒருவரும் கிணறு என்று சொல்வதில்லை?

"சஞ்சிகைகளே செத்துக்கொண்டிருக்குது" என்று இன்னொரு குரலும் கேட்டது. உண்மைதான். 1937இல் தொடங்கிய அமெரிக்க 'பொப்பியுலர் போட்டோகிராபி' 2017இல் அச்சை நிறுத்திவிட்டது. ஆனால் சந்தாக்காரர் தொகையை வைத்துத்தான் பெறுமதி பார்ப்பதென்றால் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய 'கமரா வேர்க்' சஞ்சிகை என்ன கணக்கில் வரும்? 1903இல் இருந்து 1917 வரை வந்தது. நிறுத்தும்போது சந்தா கட்டியவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. அந்தக் கடைசி இதழை முழுக்கப் போல் ஸ்ட்ராண்ட் என்ற இளம் புகைப்படக்காரரின் படங்களுக்குக் கொடுத்தார். நூறு வருடம் கழிந்தும் புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் அந்த இதழில் வந்து நிற்கிறார்கள்.

"கலியாண வேலைக்கு உது உதவாது" என்றும் ஒரு குரல். இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. நாங்கள் அச்சடித்துக் கொடுக்கிற அல்பங்களை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். அதே புகை, அதே ட்ரோன், அதே மாதிரித் திரும்பிப் பார்க்கிற பொம்பிளை. பெயரை மறைத்தால் எந்த வீட்டுக் கலியாணம் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. எல்லோரும் ஒரே வீடியோவைப் பார்த்து ஒரே மாதிரிச் செய்கிறோம். தாலி கட்டும்போது ஓரத்தில் நிற்கிற தகப்பனின் கையைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

கடைசியாக ஒன்று. முன்வரிசையில் இருந்து அதைச் சொன்னவரின் ஸ்ரூடியோவில், உள்ளே போகிற வழியில் ஒரு படம் தொங்குகிறது. நல்லூர்த் தேர் அன்று எடுத்தது. அங்கப்பிரதட்சணம் செய்கிறவரின் மணல் ஒட்டிய முதுகு, பக்கத்தில் அவருடைய சால்வையைப் பிடித்தபடி நடக்கிற ஒரு பிள்ளையின் கால்கள். முகமே இல்லை. அந்தக் கால் தூக்கிய நொடிக்கு அவர் எவ்வளவு தூரம் பின்னால் நடந்து காத்திருந்திருப்பார் என்று ஒவ்வொரு முறை போகும்போதும் நினைப்பேன். அண்ணை, அதை எடுத்தது நீங்கள். பார்க்கத் தெரிந்த நீங்களே அந்தப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னதுதான் எனக்கு நோகிறது. வேறு யாரும் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பேன்.

தம்பி, இதைப் படித்தாயென்றால் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுப் பக்கம் வா. என்னிடம் நாலு இதழ் இருக்கிறது. ஒன்றைக் கொண்டுபோய் ஒரு மாதம் வைத்திரு. திருப்பித் தரும்போது எந்தப் படம் என்று மட்டும் சொல்லு.