உப்பும் வினிகரும் சாயத்தைப் பிடித்து வைக்குமா?

"டை அண்ட் டை (முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் முறை) செய்த பருத்தித் துணியை உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் போகவே போகாது" என்று ஒரு குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

இன்று வீட்டில் பருத்திக்குப் பரவலாகப் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். 1956-இல் சந்தைக்கு வந்த வகை. இது நூலிழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துகொள்ளும். அதற்குக் காரத்தன்மை வேண்டும். அதைத் தருவது சலவை சோடா. ஆப்ப சோடா அல்ல, அது போதிய காரம் தராது. முடிச்சுப் போட்ட துணியைச் சோடாக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, சாயம் ஊற்றி, ஈரம் காயாமல் பாலித்தீனில் சுற்றி ஒரு நாள் விட்டால் வேலை முடிந்தது.

வினிகர் அமிலம். பிணைப்பு முடியும் முன்பே அதை ஊற்றினால் சோடாவின் காரத்தை முறித்து, உள்ள வேலையையும் கெடுத்துவிடும்! உப்பு, சாயத்தொட்டியில் முக்கும்போது சாயத்தை இழையை நோக்கித் தள்ள உதவும், அவ்வளவுதான். பிடித்து வைக்காது.

அப்படியானால் வினிகர் கதை எங்கிருந்து வந்தது? பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்துக்கு வினிகரும் சூடும் உண்மையிலேயே தேவை. அதைப் பருத்திக்கும் ஒட்டிவிட்டார்கள்.

சரி, முதல் சலவையில் கலங்கலாக வருவது? இழையில் ஒட்டாத உபரிச் சாயம். முதலில் குளிர்ந்த நீரிலும் அப்புறம் வெந்நீரிலும், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.