அழவில்லை என்பதால் கல்நெஞ்சம் என்று சொல்லிவிடாதீர்கள்

நெருங்கிய உறவினரின் சாவு வீட்டில் ஒருவர் கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட வராமல் நிற்கிறார். "எப்படித்தான் மனசு வருதோ" என்று பின்னால் பேச்சு கிளம்புகிறது. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை.

தன்னிடமிருந்தே விலகி நிற்பது போன்ற நிலை ஒன்று இருக்கிறது. பல் துலக்கும்போது கண்ணாடியில் தெரிவது தன் முகம்தான் என்று நன்றாகத் தெரியும், ஆனாலும் வேறு யாரோ பல் துலக்குவது போலிருக்கும். பேசும்போது சொந்தக் குரலே தள்ளி இருந்து கேட்கும். பிள்ளை ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அதன் மேல் உயிரையே வைத்திருக்கிறோம் என்று தெரியும், அந்தப் பாசம் மட்டும் நெஞ்சுக்கு வந்து சேராது. இதில்தான் மனிதர்கள் அதிகம் உடைந்துபோகிறார்கள்.

மனநல மருத்துவத்தில் இதை டிபர்சனலைசேஷன் என்கிறார்கள். தூக்கம் கெட்டால், பதற்றம் எல்லை மீறினால், விபத்தில் சிக்கினால் யாருக்கும் கொஞ்ச நேரம் வந்து போகலாம். பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை உணர்கிறார்கள். விடாமல் நீடித்தோ திரும்பத் திரும்ப வந்தோ வாழ்க்கையைக் குலைக்கும்போதுதான் அது நோய். நூற்றில் ஓரிருவருக்கு அப்படி ஆகிறது, பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. தாங்க முடியாத பயம் வரும்போது மூளை உணர்ச்சிகளை அடக்கிவைக்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம். ஆகவே அந்த மரத்துப்போன மனசுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அளவுக்கு மீறிய வேதனைதான்.

"எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?" என்ற பயம்தான் அவர்களை வாட்டுகிறது. இல்லை. "வேறு யாரோ போல இருக்கு" என்று சொல்கிறார்களே, அந்தப் 'போல'விலேயே அது நிஜமில்லை என்ற தெளிவு அப்படியே இருக்கிறது. அப்புறம், "இப்போ சரியாயிட்டேனா?" என்று நிமிடத்துக்கு நிமிடம் தன்னையே சோதித்துப் பார்ப்பது அதை இன்னும் வளர்த்துவிடும்.

வலிப்பு, ஒற்றைத் தலைவலி, கஞ்சா ஆகியவற்றாலும் இப்படி வரலாம். அதனால் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இதற்கென்று தனி மாத்திரை இல்லை, பேச்சு வழிச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. ஆனால் மருத்துவரிடம் போய் "மனசு சரியில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அவரும் மனச்சோர்வு என்று நினைத்துவிடுகிறார், ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. கூச்சப்படாமல் கண்ணாடி, குரல், பிள்ளை எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.