அது டெட் கென்னடிஸ் ஆல்பம் இல்லை

அண்ணா, ஏற்காட்டு மலைப்பாதைக்கான பாட்டுப் பட்டியலில் 'தி ஸ்கை இஸ் ஃபாலிங் அண்ட் ஐ வாண்ட் மை மம்மி'யை டெட் கென்னடிஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் கடைசி ஆல்பம் என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. அந்தக் குழு 1986-லேயே கலைந்துவிட்டது. அதே வருடம் வந்த 'பெட்டைம் ஃபார் டெமாக்ரசி'தான் அதன் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா அந்தக் குழுவோடு பாடிய கடைசி ஸ்டூடியோ ஆல்பம்.

நீங்கள் சொன்னது 1991-இல் வந்தது. பாடியவர் அதே பியாஃப்ரா என்பதால் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் வாசித்தவர்கள் கனடாவின் பங்க் குழுவான நோமீன்ஸ்நோ; ஆல்பமும் இருவர் பெயரிலும்தான் வெளியானது. ராப் ரைட் பேஸ் கிட்டார், அவர் தம்பி ஜான் டிரம்ஸ். அந்த அண்ணன் தம்பியின் தாளக்கட்டு எனக்கு உயிர், அவர்கள் பெயர் விடுபடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த முறை அடிவாரத்திலிருந்து ஏறும்போது பேஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பட்டியலிலும் பெயரை மாற்றிவிடுங்கள் அண்ணா.