கழற்ற முடியாத கத்தி

வீட்டுக்கு இறைச்சி சீவும் இயந்திரம் ஒன்று வேண்டும். மூன்று மாதமாகத் தேடுகிறேன். எதைப் பார்த்தாலும் 150 வாட், 200 வாட் என்று மோட்டாரைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரம் பிளாஸ்டிக்கா, உலோகமா? வாயே திறப்பதில்லை. பத்து நிமிடம் ஓடினால் மோட்டாரை ஆறவிட வேண்டும் என்பது கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்! முன்பு வாங்கியதில் துண்டின் கனம் 2 மில்லிமீட்டர் என்று குமிழைத் திருகினால், துண்டின் ஒரு முனை காகிதம், மறுமுனை செருப்புத் தோல். கையால் சற்று அழுத்தினாலே, கனத்தை நிர்ணயிக்கும் அந்தத் தடுப்புத் தகடு வளைந்துகொடுக்கும். பிறகு 19 சென்டிமீட்டர் கத்தி இருந்து என்ன பயன்? அந்தக் கத்தியின் பின்புறம் கொழுப்பு அப்பிக்கொண்டு கிடக்கும். விரல் நுழையாது, துணியும் நுழையாது. பச்சை இறைச்சி பட்ட இடம் ஐயா அது! கழற்றிக் கழுவ முடியாத கத்தியை எந்த மனச்சாட்சியோடு விற்கிறார்கள்?