காய்ச்சலும் சீழும் யார் பக்கம்?

மருத்துவராக இருப்பவரிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி எது என்றால் யோசிக்காமல் சொல்வேன்: "எதிர்ப்பு சக்தி ஏற ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்க டாக்டர்." இதைக் கேட்பவர் அதற்கு முந்தைய நிமிடம்தான் இன்னும் மூன்று விஷயம் கேட்டிருப்பார். காய்ச்சல் உடனே இறங்கணும், வீக்கம் வத்தணும், புண்ணில் சீழ் நிக்கணும். எனக்கு இதில் எப்போதும் ஒரு வேடிக்கை. அவர் நிறுத்தச் சொல்லும் மூன்றும், ஏற்றச் சொல்லும் அந்த ஒன்றும் ஒரே ஆள்தான். எதிர்ப்பு சக்தி வேலை செய்யும்போது வெளியே தெரிவது காய்ச்சலாக, சிவப்பாக, வீக்கமாக, வலியாக, சீழாகத்தான்.

கேட்பவர்களைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. கேள்விகள் எல்லாமே நியாயமானவை. ஆனால் அவற்றுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "சரியாயிடும், இதைப் போடுங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

1882-இல் இலியா மெச்னிகாஃப் என்ற விஞ்ஞானி சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடிபோல உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள் பற்றிய புரிதல் வளர்ந்தது அங்கிருந்துதான். 1908-இல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் புண்ணில் வரும் சீழும் அதே கூட்டம்தான். செத்த வெள்ளையணு, செத்த கிருமி, கரைந்த திசு. இதில் முக்கியமான வெள்ளையணுவான நியூட்ரோஃபிலை நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 கோடி என்ற கணக்கில் உற்பத்தி செய்கிறது. இத்தனையும் மாத்திரை எழுதித் தராமலே நடக்கிறது.

"அப்ப சீழ் நல்லதா?" என்று கேட்டால், இல்லை. சீழ் கட்டி மூடிக்கொண்டால் அதற்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது, கீறி வெளியேற்றத்தான் வேண்டும். "ஆன்டிபயாடிக் மட்டும் போதாதா, எதுக்கு கீறணும்" என்ற கேள்விக்கும் பதில் இதுதான். ஆனால் சீழைப் பார்த்ததும் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று முடிவு கட்டுவது அப்படியே தலைகீழ். காய்ச்சலோ வீக்கமோ சீழோ, இருக்கிறதா இல்லையா என்பதில் பெரிதாகச் செய்தி எதுவும் இல்லை. கூடுகிறதா குறைகிறதா என்பதில்தான் முழுச் செய்தியும் இருக்கிறது.

காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். தெர்மாமீட்டரில் 39 டிகிரி செல்சியஸ் காட்டினால் வீடே கலங்கிப்போகிறது. "மூளைக்கு ஏறிடுமா டாக்டர்?" தொற்றினால் வரும் காய்ச்சலில் மூளையின் ஹைப்போதலாமஸ் தானே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, கட்டுப்பாடு அதன் கையில்தான் இருக்கிறது, 41-ஐத் தாண்ட விடுவது அபூர்வம். வெயிலில் சுருண்டு விழுபவரின் சூடு வேறு கதை, அங்கே அந்தக் கட்டுப்பாடே உடைந்துவிடுகிறது. 6 மாதத்திலிருந்து 5 வயதுவரை நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பார்க்கிற பெற்றோருக்கு உயிரே போய்விடும். ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், மூளையைக் கெடுப்பதும் இல்லை. 5 நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் அது அவசரம். சரி, பாராசிட்டமால் எதற்கு? உடம்பு வலி குறையட்டும், கொஞ்சம் தூங்கட்டும், தண்ணீர் குடிக்கத் தெம்பு வரட்டும் என்பதற்காக. தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை இறக்குவதற்காக நள்ளிரவில் தூங்கும் குழந்தையை எழுப்பி மருந்து கொடுப்பது தேவையே இல்லாத வேலை. 39.5 இருந்தும் விளையாடுகிற குழந்தையைவிட 38-இல் துவண்டு கிடக்கிற குழந்தையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மூன்று மாதம் நிறையாத பச்சைக் குழந்தை என்றால் மட்டும் இந்தப் பேச்சே கிடையாது, 38 தொட்டாலே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

அடுத்து சளியின் நிறம். "பச்சையா வருது, ஆன்டிபயாடிக் வேணும்ல?" அந்தப் பச்சை, நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் மையலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் நிறம். வைரஸ் தொற்றிலும் வரும், பாக்டீரியா தொற்றிலும் வரும். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சளிபிடிக்க வைக்கும் வைரஸ்கள் 200-க்கு மேல் இருக்கின்றன, ஒன்றைக்கூட ஆன்டிபயாடிக் தொடாது. "ஆனா போன தடவை போட்டதும் சரியாச்சே?" ஆகும். நாம் பொறுமை இழந்து மருத்துவரிடம் போவதே நாலாவது, ஐந்தாவது நாளில்தான். சளி தானாக இறங்க ஆரம்பிப்பதும் அதே நாட்களில்தான், பெயர் மட்டும் மாத்திரைக்குப் போய்விடுகிறது. நெஞ்சுச் சளியோடு வரும் இருமல் எத்தனை நாளில் நிற்கும் என்று அமெரிக்காவில் மக்களிடம் கேட்டார்கள், 2013-இல் வெளியான ஆய்வு அது. 7 முதல் 9 நாள் என்றார்கள். அதே ஆய்வில் உண்மையான சராசரி கிட்டத்தட்ட 18 நாள். தேவையில்லாத ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பகுதி இந்த இடைப்பட்ட நாட்களில்தான் எழுதப்படுகிறது என்பது என் எண்ணம். கேட்பவருக்கும் அவசரம், எழுதுபவருக்கும் விளக்க நேரமில்லை.

"நல்லாயிட்டா பாதியிலேயே நிறுத்தலாமா?" இந்தக் கேள்விக்கு முன்புபோல ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே, போதாத அளவில் பென்சிலின் எடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். "கோர்ஸை முடிச்சே ஆகணும்" என்ற பேச்சு அப்படியே வளர்ந்தது. இப்போதோ பல தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும் என்று தெரிகிறது. சிக்கலில்லாத நிமோனியாவுக்குக்கூடப் பலருக்கு 5 நாள் போதும். மருந்து நாள் கூடக்கூட, நோய்க்குச் சம்பந்தமே இல்லாமல் குடலிலும் தோலிலும் வாழும் பாக்டீரியாக்களும் எதிர்ப்பைக் கற்றுக்கொள்கின்றன. ஆனால் காசநோய்க்கு 6 மாதம் என்றால் 6 மாதம்தான், அங்கே பேரமே கிடையாது. ஆகவே தானாக நிறுத்த வேண்டாம், அதேசமயம் "எத்தனை நாள், ஏன் அத்தனை நாள்" என்று எழுதுபவரிடம் தயங்காமல் கேளுங்கள். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர். மீதமான மாத்திரையை எடுத்து வைத்திருந்து அடுத்தவருக்குக் கொடுப்பவர்களைப் பற்றி நான் தனியாக எழுதினால் பதிவு சண்டையில் முடியும், விட்டுவிடுகிறேன்.

காயத்துக்கு வருவோம். இங்கேதான் பழைய பழக்கங்கள் ரொம்பப் பிடிவாதமாக இருக்கின்றன. "காத்தாட விடணுமா, மூடணுமா?" 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்கள் ஏற்படுத்தி, சிலவற்றை மூடி ஈரப்பதத்தோடும் சிலவற்றைத் திறந்தும் விட்டுப் பார்த்தார். மூடிய காயங்களில் புதுத்தோல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. தோல் செல்கள் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்துதான் காயத்தை மூடுகின்றன, ஊர்வதற்கு ஈரமான தளம் வேண்டும். காயவிட்டால் பொருக்குத் தட்டி, அதற்கு அடியில் வழி குடைந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது. 60 ஆண்டு கடந்த பிறகும் "நல்லா காயட்டும், கட்டைப் பிரிச்சு விடு" என்ற அறிவுரைதான் எங்கும் கேட்கிறது. ஈரம் என்றால் ஊறிப்போய்த் தோல் வெளுக்கும் அளவுக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்த நுரை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கிறது, எரிகிறது, அதனால் கிருமி சாகிறது என்று ஒரு திருப்தி. அது நுரைப்பது நம் ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதியால். சுத்தமான காயத்தில் ஊற்றினாலும் நுரைக்கும். புதுத்திசு கட்ட வரும் செல்களையும் சேர்த்தே கொல்லும். இதே ஃபிளெமிங், பென்சிலினுக்கு வெகு முன்பு, முதல் உலகப்போரில் சிப்பாய்களின் ஆழமான காயங்களை ஆராய்ந்து, அதில் ஊற்றிய கிருமிநாசினிகள் கிருமியைவிட வெள்ளையணுக்களைத்தான் அதிகம் அழித்தன என்று காட்டினார். சாதாரணக் காயத்துக்குக் குடிக்கத் தகுந்த சுத்தமான தண்ணீர் நிறைய ஊற்றிக் கழுவினாலே போதும். மண்ணும் தூசியும் போகும்வரை கழுவ வேண்டும், அதில்தான் சோம்பல் கூடாது.

"உள்ள மஞ்சளா இருக்கே, சீழ் பிடிச்சிடுச்சா?" ஆறிக்கொண்டிருக்கும் காயத்தின் மேல் மெல்லிய மஞ்சள் படலம் ஒன்று படியும், ஃபைப்ரின் என்ற புரதம், சீழ் அல்ல. சுரண்டி எடுக்காதீர்கள். முதல் இரண்டு நாள் ஓரம் சிவந்து, லேசாக வீங்கி, தொட்டால் சூடாக இருப்பதும் வழக்கமானதே. மூன்றாம் நாளுக்குப் பிறகு குறைய வேண்டியது கூடினால்தான் விஷயம். நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே வித்தை: பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு நேரத்தையும் எழுதி வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினால் வாருங்கள், உள்ளே சுருங்கினால் நிம்மதியாக இருங்கள். கை கால் வழியாக மேலே சிவப்புக் கோடாக ஏறினாலோ, பார்க்கச் சின்னதாக இருந்தும் வலி தாங்க முடியாமல் போனாலோ, கூடவே குழப்பமாகப் பேசுவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது இருந்தாலோ, காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

தையல் பிரித்த அன்றே கனம் தூக்குபவர்களுக்கு ஒரு தகவல். மூன்றாவது வாரத்தில் அந்த இடத்தின் வலு பழைய தோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மாதக்கணக்கில் கூடினாலும் கடைசியில் 80 சதவீதத்தோடு நின்றுவிடும்.

கூடுதா குறையுதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத இரண்டு உண்டு. ஒன்று டெட்டனஸ். துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் இருக்கும் பாக்டீரியாவின் விதைகள்தான் காரணம். பளபளக்கும் புது ஆணி குத்தினாலும் வரும். அதன் நஞ்சு எவ்வளவு வீரியமானது என்றால், நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட அதனால் எதிர்ப்பு உண்டாவதில்லை, ஆளைக் கொல்லும் அளவு நஞ்சு உடம்பின் நினைவில் பதியக்கூடப் போதாது. அதனால் தடுப்பூசி ஒன்றே வழி. முழுத் தவணையும் போட்டவருக்குச் சின்னச் சுத்தமான காயம் என்றால் கடைசி ஊசி 10 ஆண்டுக்குள் இருந்தால் போதும், ஆழமான அழுக்குக் காயமென்றால் 5 ஆண்டு. ஒவ்வொரு கீறலுக்கும் டிடி என்ற டெட்டனஸ் ஊசி கேட்க வேண்டியதில்லை. இன்னொன்று நாய் கடி. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். ரேபீஸ் அறிகுறி தொடங்கியபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. காயம் நன்றாக ஆறுகிறது என்பது அங்கே எந்த உத்தரவாதமும் கிடையாது.

சரி, எதிர்ப்பு சக்தியை ஏற்றவே முடியாதா? கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதுபோல ஏற்ற முடியாது, ஏற்றவும் வேண்டாம். அளவுக்கு மீறிப்போனால் அது நம் மூட்டையும் தைராய்டையும் கணையத்தையும்தான் தாக்கும். வைட்டமின் சி தினமும் விழுங்கினாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி வரும் தடவை குறைவதில்லை, வந்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதம் சீக்கிரம் போகிறது. ஒரு வாரச் சளியில் அது அரை நாள். அதே நேரம் 2009-இல் ஷெல்டன் கோஹன் குழுவினர் 153 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தபோது, 7 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு, 8 மணி நேரம் தூங்குகிறவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது. மனதும் இதில் சேர்த்திதான். 1995-இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் நடத்திய ஆய்வில், மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு 3.5 மில்லிமீட்டர் காயம் ஆற மற்றவர்களைவிட 9 நாள் கூடுதலாக ஆனது. இதோடு கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை, புகை இல்லாமை, தவறாமல் போட்ட தடுப்பூசி. தட்டம்மை வந்தால் ஏற்கெனவே சேர்த்த எதிர்ப்பு நினைவில் ஒரு பகுதியே அழிந்துபோகிறது, அதனால் குழந்தைக்கு டப்பா மருந்து தேடுபவர்கள் முதலில் தடுப்பூசி அட்டையைத் தேடுங்கள். பள்ளி போகும் சின்னப் பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டுச் சளி என்பது குறைபாடே அல்ல, வளர்ச்சி சரியாக இருந்தால் போதும்.

உண்மையில் எதிர்ப்பு குறைந்தவர்கள் வேறு. கீமோதெரபி எடுப்பவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள். இவர்களிடம் நான் மேலே சொன்ன எதையும் எதிர்பார்க்க முடியாது. கீமோவில் நியூட்ரோஃபில் அடியோடு குறைந்தவருக்குத் தொற்று வந்தால் சீழ் வராது, சிவப்பு தெரியாது, வீக்கமும் பெரிதாக இருக்காது. சண்டை போட ஆளே இல்லையே. பார்க்க அமைதியாக இருக்கும் அந்தக் காயம்தான் ஆபத்தானது. அவர்களுக்கு 38 டிகிரி மட்டுமே ஒரே தடயமாக இருக்கலாம். பாராசிட்டமால் போட்டு அதையும் மறைத்துவிடாமல், நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக "கீமோ போய்க்கிட்டிருக்கு" என்று சொல்லுங்கள்.