மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது

‘முற்றிய புற்றுநோய்க்கு மார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும், வலியைப் பொறுத்துக்கொள்வதே மேல்’ என்று கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் குறைவது வலிதான். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து இது.

முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கலாம்; பெரும்பாலும் தெளிந்துவிடும். மலச்சிக்கல்தான் விடாது, அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறத்தாழ 4 மணி நேரமே தாங்கும். வலி வரட்டும் என்று காத்திராமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இந்த வதந்தியை நம்பும் வீட்டில் நோயாளி மட்டும் வதைபடுவதில்லை. அவர் முனகும்போதெல்லாம் எழுந்து முதுகைத் தடவிக்கொடுக்கும் மனைவிக்கும், கணவனுக்கும் இரவு முழுக்கச் சிவராத்திரிதான். அதை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். படுக்கும் நேரத்து மருந்தின் அளவை மாற்றித் தர அவரால் முடியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் வலி நிவாரணச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.